இரண்டு அத்தைகளுக்கு ஓர் இயங்குதளம்

ஜூன் 2, திங்கள்

நான்கு நாள் வேலை. வெள்ளிக்கிழமை இரவு ரயிலுக்குக் கோவை திரும்ப டிக்கெட் எடுத்துவிட்டேன்.

பாளையங்கோட்டைக்கு ஏன் வந்தேன் என்று எழுதி வைக்கிறேன். பிறகு நானே மாற்றிச் சொல்லிக்கொள்ளக் கூடாது. பியூலா அத்தைக்கு எழுபத்தொன்பது வயது, நேசம் அத்தைக்கு எழுபத்து மூன்று. அப்பாவுடன் பிறந்தவர்கள், மணம் செய்துகொள்ளாதவர்கள். ஒரே மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர்கள். மூத்தவர் நர்சிங் சூப்பரின்டென்டென்ட். இளையவர் அவருக்குக் கீழே ஆபரேஷன் தியேட்டரில். அம்மா இறந்தபின் என்னையும் செல்வின் அண்ணனையும் எட்டு வருடம் இந்த வீட்டில் வளர்த்தார்கள். அதை விரித்து எழுதத் தேவையில்லை.

போன மாதம் இரண்டு நாள் இவர்களுடைய போன் கிடைக்கவில்லை. சென்னையிலிருந்து அண்ணன் பதறிப்போய் தெரிந்தவர் ஒருவரை அனுப்பிக் கதவைத் தட்டச் சொன்னான். இருவரும் நன்றாகத்தான் இருந்தார்கள். போனில் சார்ஜ் இல்லை, அவ்வளவுதான். ஆனால் அவன் அன்றே ஒரு முதியோர் இல்லத்தில் இருவருக்கும் இடம் பதிந்துவிட்டான். நான் சண்டை போட்டு ஒரு சோதனை வாங்கியிருக்கிறேன். பதினைந்தாம் தேதி ஞாயிறு பகல் பன்னிரண்டரைக்கு, என் உதவி இல்லாமல், அவர்களே கணினியில் அவனைக் கூப்பிட்டு முகம் காட்ட வேண்டும். கைப்பேசித் திரை நேசம் அத்தையின் கண்ணுக்குப் போதாது; அண்ணனுக்கோ குரல் மட்டும் போதாது. அழைப்பு வந்தால் வீடு, வராவிட்டால் ஜூலையில் இல்லம்.

வீட்டுக் கணினி செத்துக் கிடக்கிறது. அடிக்கடி இப்படி ஆகிறதாம். ஒவ்வொரு முறையும் கடைக்காரர் வந்து எதையோ மறுபடி போட்டுத் தருவாராம். கீபோர்டில் பாதி எழுத்துகளைக் காணோம். தினமும் காலையில் ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைக்கிறார்கள்.

"கிருமி வரும்லா" என்றார் நேசம் அத்தை.

"கம்ப்யூட்டர் வைரஸ் வேற, அத்தை."

"அது எங்களுக்கும் தெரியும். இது நம்ம கையில இருக்க கிருமிக்கு. ஏளா சுகி, ஏன் இப்படி மெலிஞ்சு கிடக்கே? அங்க புழுவுக்குத்தான் வேளாவேளைக்குச் சாப்பாடா, உனக்கு இல்லையா?"

பல்கலைக்கழகத்தில் நான் பூச்சியியல் துறையில் இருப்பது இவருக்கு இருபது வருடமாக ஒரு வேடிக்கை.

மேசை விரிப்பை எடுத்து உதற நினைத்தேன். "அது கிடக்கட்டும்" என்று வேகமாகச் சொன்னார். கிடக்கட்டும்.

ஜூன் 3, செவ்வாய்

தேவை எளிமையானது. அண்ணனைக் கூப்பிட வேண்டும். பியூலா அத்தை தினமும் காலையில் ஏதோ தட்டச்சு செய்கிறார், அது பத்திரமாக இருக்க வேண்டும். வேறு ஒன்றும் வேண்டாம். அடிக்கடி "இதைப் புதுப்பிக்கவா, அதை ஏற்கவா" என்று கேட்காத இயங்குதளமாக இருக்க வேண்டும். முக்கியமாக, எனக்குப் போன் வரக் கூடாது. பராமரிப்பு என்ற சொல்லே தேவைப்படாததாக ஒன்று.

இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் வகைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். நான் ஆய்வகத்தில் ஆறு வருடமாக வைத்திருப்பது, ஒரு நாளும் படுத்ததில்லை. மதியத்துக்குள் ஏற்றி முடித்தேன். எழுத்துகளைப் பெரிதாக்கினேன். அண்ணன் படத்தைத் திரையின் நடுவில் வைத்தேன். தொட்டால் அழைப்பு போகும்.

"இவன் ஏன் இப்படி வழுக்கையாயிட்டான்?" என்று கேட்டார் பியூலா அத்தை. பிறகு என்னைப் பார்த்து, "எந்த ரயில்ல வந்த?" என்றார். நேற்றும் கேட்டார். வயதானவர்கள் பேச்சு தொடங்க எதையாவது கேட்பார்கள்.

ஏற்றுவதற்கு முன்பே டிஸ்கிலிருந்து அவருடைய கோப்புகளைப் பென் டிரைவில் பிரதி எடுத்திருந்தேன். 'ரிப்போர்ட்' என்று பெயரிட்டு, தேதி போட்டு, நானூற்றுக்கும் மேல் இருந்தன. திறக்கவில்லை. மற்றவர் எழுதியதைப் படிக்கும் வழக்கம் எனக்கு இல்லை.

மீதி வேலைகளைச் செய்யவும் புதுப்பித்தல்களை முடித்துக்கொள்ளவும் கணினியை அணைக்காமல் விட்டேன். வேலை முடிந்தது என்றே சொல்லலாம்.

ஜூன் 4, புதன்

காலையில் திரை கறுப்பாக இருந்தது. இரண்டு வரி வெள்ளை எழுத்து: டிஸ்கைப் படிக்க முடியவில்லை.

டிஸ்க் பழையது. எதிர்பார்த்திருக்க வேண்டும். இங்குள்ள வண்ணாரப்பேட்டைக்குப் போய்ப் புது டிஸ்க் வாங்கி வந்து மாட்டி, எல்லாவற்றையும் மறுபடி ஏற்றினேன். விடியற்காலையில் மின்விசிறி நின்று வியர்த்து விழித்தேன். இந்த ஊர் மின்வெட்டு மாறவே இல்லை.

ஜூன் 5, வியாழன்

மறுபடியும்.

ஜூன் 6, வெள்ளி

என் தேர்வில் தவறு இருக்கலாம் என்று ஒப்புக்கொண்டு வேறொரு லினக்ஸ் வகைக்கு மாறினேன். மின்வெட்டுதான் காரணம் என்பதில் சந்தேகம் இல்லாததால் நேற்று மாலையே ஒரு யூபிஎஸ் பெட்டியும் வாங்கி மாட்டியிருந்தேன். இன்று விடிகாலை ஐந்து பத்துக்குக் கரண்ட் போனதும் அது பீப், பீப் என்று கத்தத் தொடங்கியது.

நான் முன்னறைக்கு வருவதற்குள் பியூலா அத்தை அங்கே நின்றார். சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு, நிமிர்ந்து. இத்தனை நிமிர்ந்து அவர் நின்று நான் பார்த்து நாளாகிறது.

"எந்த பெட்?" என்றார்.

"அத்தை?"

"மானிட்டர் அடிக்கில்லா? எந்த பெட்? டியூட்டி நர்ஸ் எங்க?"

தூக்கக் கலக்கம். யாருக்கும் நடக்கும். கையைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தேன். நேசம் அத்தை ஆறரைக்குச் சர்ச்சிலிருந்து திரும்பி வந்து விஷயத்தைக் கேட்டதும் யூபிஎஸ்ஸின் வயரைப் பிடுங்கிச் சுற்றி அட்டைப்பெட்டியில் வைத்தார்.

"இந்தச் சத்தம் இந்த வீட்டுக்கு ஆகாது, சுகி."

இன்று இரவு டிக்கெட்டை ரத்து செய்தேன். வேலையை அரைகுறையாக விட்டுப் போவது எனக்குப் பிடிக்காது. வேறு காரணம் இல்லை.

ஜூன் 8, ஞாயிறு

நேசம் அத்தை எட்டரை மணி ஆராதனைக்குப் போனார். பியூலா அத்தை முட்டுவலியால் போவதில்லை. நான் முப்பது வருடமாகப் போவதில்லை. எட்டு ஐந்துக்குக் கரண்ட் போயிற்று. பியூலா அத்தை விசிறியை அண்ணாந்து பார்த்துவிட்டுப் பனையோலை விசிறியை எடுத்துக்கொண்டார். எரிச்சல் இல்லை. ஆச்சரியமும் இல்லை.

வாசலுக்கு வந்தேன். பக்கத்து வீட்டில் மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது.

"உங்களுக்குக் கரண்ட் இருக்கா?" என்று முப்பிடாதியிடம் மதில் வழியாகக் கேட்டேன்.

"எங்களுக்குப் போவலியே டீச்சர். உங்க வீட்டுக்குத்தான் அடிக்கடி போவும். நாங்க லயனு கோளாறுன்னு நினைச்சோம்."

ஒரு தெருவில் ஒரு வீட்டுக்கு மட்டும் மின்வெட்டு. இதுவரை நான் சோதித்தது எல்லாம் இயங்குதளத்தை. சூழலைச் சோதிக்கவே இல்லை. முதலாண்டு மாணவர் இப்படிச் செய்திருந்தால் நோட்டைத் திருப்பிக் கொடுத்திருப்பேன்.

ஜூன் 9, திங்கள்

நோட்டில் கட்டம் போட்டேன். வந்ததிலிருந்து எனக்கு நினைவுள்ளவையும் இன்று நேரில் பார்த்தவையுமாக மின்வெட்டுகள் மொத்தம் பதினொன்று. அதிகாலை ஐந்து பத்து, புதன் மாலை நான்கு, ஞாயிறு எட்டு, இன்று காலை பத்தேகால். பக்கத்துக் கட்டத்தில் அந்த நேரங்களில் வீட்டில் வேறு என்ன மாறியிருந்தது என்று எழுதினேன். பதினொன்றுக்குப் பதினொன்று பொருந்தியது ஒன்றே ஒன்றுதான். வாசலில் நேசம் அத்தையின் செருப்பு இல்லை.

அதிகாலை ஜெபம், பெண்கள் ஐக்கியச் சங்கம், ஆராதனை, மார்க்கெட்.

மாலையில் அவர் மாவு வாங்கக் கிளம்பியபோது ஜன்னல் ஓரம் நின்றேன். செருப்பை மாட்டினார். பையை இடக்கைக்கு மாற்றினார். வராந்தாச் சுவரில் உள்ள மெயின் பெட்டியைத் திறந்து பிடியைக் கீழே இழுத்தார். மூடினார். போய்விட்டார். கதவைச் சாத்துவதுபோல அத்தனை இயல்பாக.

நான் போய்ப் பெட்டியைத் திறந்து பார்த்தேன். மூடியின் உள்பக்கம் ஒரு தாள் ஒட்டியிருந்தது. 'அக்கா, நான் வரும்வரை தொடாதே. நேசம்.'

ஜூன் 10, செவ்வாய்

நேசம் அத்தை கொல்லைப்புறத்தில் நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தார். எதிரில் உட்கார்ந்து நானும் தலை கிள்ளினேன். சுற்றி வளைப்பது எனக்கு வராது.

"ஏன் அத்தை மெயினை ஆஃப் பண்ணிட்டுப் போறீங்க?"

கை நிற்கவில்லை. "கரண்ட மிச்சம் பிடிக்கத்தான்."

"அத்தை."

பத்துப் பதினைந்து மீன் போன பிறகு சொன்னார். "மேசை விரிப்ப எடுத்துப் பாத்தியா?"

"நீங்க எடுக்க வேண்டாம்னு சொன்னீங்க."

"அதுக்காக எடுக்காமலே இருந்தியா? சின்னதுல எப்படி இருந்தியோ அப்படியே இருக்கே."

போய்க் கணினியை நகர்த்தி விரிப்பைத் தூக்கினேன். மேசைப் பலகையில் இஸ்திரிப்பெட்டி வடிவத்தில் கறுப்பாக ஒரு பள்ளம். விரல் நுழையும் ஆழம். அதை மறைக்கத்தான் கணினியை இந்த மேசையில் வைத்திருக்கிறார்கள்.

போன வருடம் கிறிஸ்துமஸுக்கு முந்தைய அட்வென்ட் சமயமாம். பியூலா அத்தை காட்டன் சேலைக்குக் கஞ்சி போட்டு, தானே தேய்த்துத்தான் உடுத்துவார். பெட்டியை நிமிர்த்தாமல் அப்படியே வைத்துவிட்டுப் போய்ப் படுத்திருக்கிறார். நேசம் அத்தை சங்கக் கூட்டத்திலிருந்து வந்து பார்த்தபோது முன்னறை முழுவதும் புகை.

"பெட்டிய ஒளிச்சு வச்சா என்ன, அத்தை?"

"ஒளிச்சு வச்சேன். 'என் இஸ்திரிப்பெட்டி எங்க நேசம்'னு நாலு நாள் வீடு பூரா தேடுனா. முப்பது வருசம் அவளுக்குக் கீழ வேல பாத்திருக்கேன், சுகி. தொப்பி சரியா தேய்க்கலன்னு என்ன வார்டுலருந்து வெளிய அனுப்புனவ. அவ தேடுதத என்னால பாக்க முடியல. திரும்பக் குடுத்துட்டேன். மெயின் விழுந்தா பெட்டி சூடாகாது பாரு. அது யாருக்கும் அவமானம் இல்ல. கரண்ட் போச்சு, அவ்வளவுதான்."

"அடுப்பு?"

"கேஸ் வால்வையும் அடைச்சிட்டுத்தான் போறேன்."

போன் சார்ஜ் ஆகாததும் இதனால்தான். அந்த இரண்டு நாளும் சர்ச்சில் கன்வென்ஷன். காலையும் மாலையும் போனைச் சார்ஜரில் மாட்டிவிட்டு, மெயினை இழுத்துவிட்டுப் போயிருக்கிறார்.

"செல்வின்ட்ட சொல்லிராத" என்றார். "அந்த ஹோம்ல ஞாபகம் குறைஞ்சவங்களுக்குத் தனிக் கட்டடமாம். அவனே பெருமையா சொன்னான். அக்காவ ஒரு கட்டடத்துல, என்ன ஒரு கட்டடத்துல வச்சிருவான். பாக்கதுக்கு நேரம் குறிச்சுத் தருவாங்களாம். நான் என் அக்காவ பாக்கதுக்கு."

மீன் தலைகளை வாரிப் பூனைக்குப் போட்டுவிட்டுக் கையைக் கழுவினார்.

எலெக்ட்ரீஷியனை வரவழைத்து, முன்னறையின் தேய்க்கும் பாயிண்டையும் சமையலறையையும் மட்டும் தனியாகப் பிரிக்க முடியுமா என்று கேட்டேன். முடியும், ஆனால் ஐம்பது வருட வயரிங், சுவரை உடைக்க வேண்டும், குறைந்தது ஒரு மாதம் என்றார். பதினைந்தாம் தேதிக்குள் ஆகாது. அப்படியே ஆனாலும் நேசம் அத்தையின் கை மெயினுக்குப் போவதை எந்த வயரிங்கும் நிறுத்தாது.

ஜூன் 11, புதன்

அண்ணன் பேசினான். "எப்படி இருக்காங்க?"

"நல்லா இருக்காங்க" என்றேன். கேட்ட கேள்விக்கு அது சரியான பதில்தான்.

ஜூன் 12, வியாழன்

கிடைத்துவிட்டது.

ஒரு வாரமாகக் கேள்வியைத் தலைகீழாகப் போட்டுக்கொண்டிருந்தேன். மின்சாரம் போகாமல் எப்படிக் காப்பாற்றுவது என்று யோசித்தேன். போனால் போகட்டும் என்று இருக்கும் இயங்குதளம் எது என்று கேட்டிருக்க வேண்டும். அப்படி இருக்கிறது. அளவில் சின்ன ஒரு லினக்ஸ். ஒருமுறை நமக்கு வேண்டியபடி அமைத்துப் பென் டிரைவில் பூட்டிவிட்டால், கணினி எழும்போது முழுவதும் நினைவகத்துக்கு ஏறிக்கொள்ளும். டிஸ்கே வேண்டாம், புதிதாக வாங்கியதைக் கழற்றிவிட்டேன். திடீரென்று மெயினை இழுத்தால் எதுவும் கெடாது, கெடுவதற்கு எதுவும் திறந்திருக்காது. புதுப்பிக்கச் சொல்லாது. எதையும் ஏற்கச் சொல்லாது. அடுத்த முறை எழும்போது அதே இரண்டு படம்: அண்ணன் முகம், பேனா. பேனாவைத் தொட்டு எழுதுவது மட்டும் வரிக்கு வரி இன்னொரு பென் டிரைவுக்குப் போகும்.

சொன்னால் போதாது, செய்து பார்க்க வேண்டும். வராந்தாவில் நின்று மெயினை நானே இழுத்தேன். தூக்கினேன். இழுத்தேன். எழும்பும்போது, எழும்பிய பின், அழைப்பின் நடுவில், எழுத்தின் நடுவில். இருபது முறை. இருபதிலும் இரண்டு நிமிடத்தில் அதே இரண்டு படம்.

பியூலா அத்தை நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன செய்யுத?"

"டெஸ்ட் பண்றேன், அத்தை. இந்த சிஸ்டம் கரண்ட் போனா எல்லாத்தையும் மறந்துடும். நேத்து நடந்தது எதுவும் அதுக்குத் தெரியாது. ஆனா ஒவ்வொரு தடவையும் ஒழுங்கா எழுந்து, தன் வேலையைச் சரியாச் செய்யும்."

சொல்லி முடித்தபின்தான் என்ன சொன்னேன் என்று எனக்கே கேட்டது.

அத்தை என்னை நன்றாகப் பார்த்தார். "அப்போ அது நான்தான்னு சொல்லு."

அவர் சிரித்தார். சத்தமாக, வயிறு குலுங்க.

"நேசத்துக்கு முன்னால நான் ஒண்ணும் தெரியாத மாதிரி இருக்கணும். அது அவளுக்கு ஒரு ஆறுதல். நாப்பது வருசம் நர்ஸா இருந்திருக்கேன், என் கேஸு எனக்குத் தெரியாதா? மெயின் ஏன் விழுதுன்னும் தெரியும். அந்தத் தாளையும் படிச்சிருக்கேன். ஆர்டர் எழுதி ஒட்டியிருந்தா தொடக் கூடாது. தொடல."

பிறகு பேனாவைத் தொடச் சொல்லி, பழைய ரிப்போர்ட் ஒன்றைத் திறக்கச் சொன்னார். அவர் சொன்னதால் படித்தேன்.

'காலை 7.00. பேஷண்ட் பி. தூக்கம் சுமார். மாத்திரை கொடுக்கப்பட்டது, மறுபடி கொடுக்க வேண்டாம். நேற்று சுகியின் பெயர் வர ஐந்து நிமிடம் ஆனது. இன்று நேசம் பத்து மணிக்கு மார்க்கெட் போவாள், தேட வேண்டாம். பேஷண்டைப் பதற்றப்பட விடக் கூடாது.'

ஒவ்வொரு டியூட்டி முடிவிலும் அடுத்து வரும் நர்ஸுக்கு எழுதி ஒப்படைக்கும் ஹேண்ட்-ஓவர். எழுதியவரும் அவர்தான். அடுத்து வருபவரும் அவர்தான். கடைக்காரர் ஒவ்வொரு முறையும் எதையோ மறுபடி போட்டபோது அழிந்த நாள்களுக்கு ரிப்போர்ட் இல்லை. அந்தக் காலைகளில் அவர் என்ன செய்தார் என்று கேட்கவில்லை.

ஜூன் 13, வெள்ளி

பயிற்சி. காலையில் ஆறு முறை, மாலையில் ஆறு முறை. நேசம் அத்தை அண்ணனின் மூக்கில் அழுத்தமாகக் குத்துகிறார். "லேசா தொட்டா போதும்" என்றால், "அவனுக்கு இது போதாது" என்கிறார்.

ஜூன் 14, சனி

இரவு உணவின்போது சொல்லிவிட்டேன். சோதனையில் ஜெயித்தாலும் தோற்றாலும் அண்ணனிடம் நடந்ததைச் சொல்லப் போகிறேன். மறைத்து வைத்துப் பெறும் முடிவில் எனக்கு நம்பிக்கை இல்லை. நேசம் அத்தை தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார். சமையலறையில் பாத்திரம் கொஞ்சம் பலமாகவே விழுந்தது.

பியூலா அத்தை ரசம் சாதத்தை முடித்துவிட்டுச் சொன்னார். "நீ சொல்லக் கூடாது. ஹேண்ட்-ஓவர குடுக்க வேண்டியது சீனியர்."

நாளைக்குள் அவருக்கு இது நினைவிருக்குமா என்று நான் கேட்கவில்லை. கை கழுவியதும் பேனாப் படத்தைத் தொட்டு ஏதோ எழுதினார்.

ஜூன் 15, ஞாயிறு

இன்று நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

நேசம் அத்தையின் சர்ச்சில் இன்று அசனம். ஊருக்கே சோறு. இவர் பரிமாறும் குழுவில் இருக்கிறார். "பன்னெண்டுக்குள்ள வந்திருவேன்" என்று காலை ஏழரைக்குச் செருப்பை மாட்டினார். மெயினை இழுத்தார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன், தடுக்கவில்லை. கை அதுவாகப் போயிற்று.

பன்னிரண்டுக்கு, ஒப்பந்தப்படி, நான் பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டேன். முப்பிடாதி நாற்காலி போட்டுத் தந்தாள். அங்கிருந்து எங்கள் வராந்தாவும் முன்னறை ஜன்னலும் தெரியும்.

"பரீட்சையா டீச்சர்?"

"ஆமாம்."

"உங்களுக்கா, அவங்களுக்கா? உங்க மூஞ்சியப் பாத்தா உங்களுக்குதான்னு தோணுது."

பன்னிரண்டேகால். நேசம் அத்தை வரவில்லை. பன்னிரண்டு இருபத்தைந்து. அசனப் பந்தி சொன்ன நேரத்தில் முடிந்ததாக இந்த ஊர் சரித்திரத்தில் இல்லை; இதை நான் கணக்கில் எடுத்திருக்க வேண்டும். பன்னிரண்டரை. சென்னையில் அண்ணன் திரைமுன் உட்கார்ந்திருப்பான். இங்கே மெயின் விழுந்து கிடக்கிறது.

நான் எழுந்துவிட்டேன். பத்தடி தூரம். பிடியைத் தூக்கிவிட்டுத் திரும்பி வந்தால் யாருக்கும் தெரியாது.

"டீச்சர், அந்தா" என்றாள் முப்பிடாதி.

பியூலா அத்தை வராந்தாவுக்கு வந்தார். கஞ்சி போட்ட வெள்ளைச் சேலை. கையில் ஒரு தாள். நேற்று எழுதியதைக் காலையில் பார்த்துக் கையால் படியெடுத்தது என்று பிறகு தெரிந்தது. பெட்டியைத் திறந்தார். மூடியில் ஒட்டியிருந்ததை வாசித்தார். கையிலிருந்ததை வாசித்தார். மறுபடி மூடியை வாசித்தார். நான் உட்கார்ந்தேன். பிடியை இரண்டு கையாலும் மேலே தூக்கினார். உள்ளே விசிறிகள் சுற்றின. அவர் இடுப்பிலிருந்து பென்சிலை எடுத்து மூடியில் என்னவோ எழுதிவிட்டு உள்ளே போனார்.

நான்கு நிமிடம். மாடி வீட்டுப் புறா எத்தனை முறை கத்தியது என்றுகூடச் சொல்லுவேன். பிறகு அண்ணன் குரல் ஜன்னல் வழியாக வந்தது.

"அத்தை! ஏன் லேட்டு? நேசம் அத்தை எங்க?"

"அசனத்துல சோறு விளம்பிக்கிட்டிருக்கா."

"நீங்க மட்டும் தனியாவா?"

"தனியாத்தான். பேப்பர், பேனா எடு. ஹேண்ட்-ஓவர் குடுக்கேன், எழுது."

"என்ன அத்தை விளையாட்டு..."

"எழுதுடா."

எழுதினான் போலும். அத்தை தாளைப் பார்த்து வாசித்தார். வார்டில் கேட்கும் குரல் அது. வேகமும் இல்லை, தயக்கமும் இல்லை.

"பேஷண்ட் பேரு பியூலா ரத்தினம். வயசு எழுபத்தொம்பது. சுகர் இல்ல. பிரஷருக்குக் காலைல ஒரு மாத்திரை. ரெண்டு வருசமா ஞாபகம் குறையுது. பழசு நிக்கும், புதுசு நிக்காது. போன வருசம் இஸ்திரிப்பெட்டிய மறந்து மேசை எரிஞ்சுது. ஆளுக்குக் காயம் இல்ல. அதுலருந்து நேசம் வெளிய போனா மெயின இறக்கிட்டுப் போவா. போன் கிடைக்காம போனதுக்கும் அதான் காரணம். இத உன்ட்ட சொல்லாதது எங்க தப்பு. எழுதிட்டியா?"

"ம்."

"திருப்பி வாசி."

அண்ணன் வாசித்தான். பெயர், வயது, சுகர், பிரஷர். 'ஞாபகம்' என்ற இடத்தில் குரல் நின்றுவிட்டது. அத்தை காத்திருந்தார். அவன் அந்த வரியை முதலிலிருந்து தொடங்கிக் கடைசிவரை வாசித்தான்.

"சரி. இனி சீனியர் சொல்லுத ஆர்டர். அந்த ஹோம்ல ரெண்டு பேரையும் தனித்தனிக் கட்டடத்துல போடுவாங்களாமே?"

"அது அங்க ரூல், அத்தை. உங்க நல்லதுக்குத்தான்..."

"ரூல் போட்டே ரிட்டயர் ஆனவ நான். பேஷண்டத் தெரியாத நர்ஸ நான் ஒரு நாளும் டியூட்டிக்குப் போட்டதில்ல. என்னத் தெரிஞ்ச நர்ஸு நேசம். அவ முடியலைன்னு சொல்லுத அன்னைக்கு ரெண்டு பேரும் சேந்து வாரோம். ஒரே ரூமுக்கு. அதுவரைக்கும் இங்க இருப்போம்."

அழைப்பு அறுந்துவிட்டது என்று நினைத்தேன்.

"கிறிஸ்துமஸ் வரைக்கும் பாப்போம், அத்தை" என்றான். "தினமும் பத்து மணிக்கு என்னைக் கூப்பிடணும். நான் அந்த இடத்தைக் கேன்சல் பண்ணல. தள்ளி வைக்கிறேன்."

"டிசம்பர் இருபத்தஞ்சுன்னு எழுது. கையெழுத்துப் போடு. எனக்குக் காட்டு."

காட்டியிருக்க வேண்டும். "எழுத்து இன்னும் கோணலாத்தான் இருக்கு" என்றார் அத்தை. பிறகு அன்பாகக் கேட்டார். "எந்த ரயில்லடா வந்த?"

"ரயில்ல வரல, அத்தை" என்றான் அண்ணன். "இங்கதான் இருக்கேன்."

முப்பிடாதி முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். எனக்கு ஜலதோஷம் எதுவும் இல்லை, ஆனாலும் கைக்குட்டையைத் தேடினேன்.

நேசம் அத்தை ஒன்றேகாலுக்கு ஓடி வந்தார். ஒரு கையில் அசனச் சோற்று வாளி, மறு கை நேராக மெயின் பெட்டிக்கு. பிடி மேலே இருப்பதைக் கண்டு அப்படியே நின்றார். மூடியில் அவர் எழுதியதற்குக் கீழே பென்சிலில் இருந்தது: '12.34. ஆன் செய்யப்பட்டது. காரணம்: டியூட்டி. பி.'

"அக்கா" என்றார் உள்ளே பார்த்து. பிறகு, "மேடம்" என்றார்.

"வாளிய கீழ வை. சோறு ஆறிப்போவும்" என்று உள்ளேயிருந்து பதில் வந்தது.

ஜூன் 16, திங்கள்

இரவு ரயில். இன்று காலை பத்து மணிக்கு இருவரும் அண்ணனைக் கூப்பிட்டார்கள். நான் கொல்லையில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன், என்னை யாரும் தேடவில்லை. என் தேர்வு சரி. இதைவிடக் குறைந்த பராமரிப்பில் ஓடும் இயங்குதளம் கிடையாது. வருடத்துக்கு ஒருமுறைகூடத் தொட வேண்டியதில்லை. எலெக்ட்ரீஷியனுக்கு ஜூலை இரண்டாம் வாரம் சொல்லியிருக்கிறேன்.

ஜூலை பதினெட்டுக்கு இங்கே வர டிக்கெட் எடுத்தேன். கணினியை ஒருமுறை பார்த்துவிட்டுப் போக வேண்டும்.

பெட்டியைக் கட்டும்போது பியூலா அத்தை கூப்பிட்டார். மேசையில் ஒரு தாள். ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட டியூட்டி ரோஸ்டர். காலை, மாலை எல்லாக் கட்டத்திலும் நேசம். காலை பத்து மணிக்குச் செல்வின். ஞாயிறு, புதன் இரவு ஏழு மணிக் கட்டங்களில் என் பெயர்.

"ஞாயிறு போதாதா, அத்தை?" என்றேன். "எப்பவும் ஞாயித்துக்கிழமைதானே பேசுவேன்."

"நாலு நிமிசம் பேசுவ. வாட்ச்சப் பாத்திருக்கேன். அது ரவுண்ட்ஸ், டியூட்டி இல்ல. டியூட்டிக்கு வாரவ உக்காரணும். போடு."

பேனாவை நீட்டினார். கடைசிப் பத்தியில், 'ஏற்றுக்கொள்பவர்' என்ற இடத்தில், இரண்டு கையெழுத்துப் போட்டேன்.

அத்தை தாளைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார். திருப்பி என் பக்கம் தள்ளினார்.

"நேரம் போடல" என்றார்.

4.50 என்று எழுதினேன்.